சூட்டை அணைத்தது யார்?

எங்கள் அத்தானை அவர் வேலை செய்யும் இடத்தில் ‘சோப்புத்தண்ணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வாசலில் கூப்பிட்டால், ‘யார் இவன், எப்படி என் பேரு இவனுக்குத் தெரிஞ்சுது?’ என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

எரிவாயுக் கம்பெனியில் வேலை. பூமிக்கு அடியில் குழாய் போட்டு வீடு வீடாகச் சமையல் வாயு அனுப்புகிற கம்பெனி. அந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அத்தான் பொறுப்பு. ஒரு வேன், ஒரு டப்பா சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். குழாய் மூட்டில் நுரையைத் தடவிவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நுரை எங்கே குமிழ்விடுகிறதோ அங்கே கசிவு. இதற்கெல்லாம் இப்போது கருவி வந்துவிட்டது, கம்பெனியே அவர் கையில் ஒன்று கொடுத்திருக்கிறது. கருவி ‘கசிவு இல்லை’ என்று காட்டிய பிறகும் மனுஷன் ஒரு தடவை நுரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

மூட்டை இறுக்கி முடித்ததும் நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது அவர்கள் வழக்கம். பின்னால் யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகி நிற்கும், கை வைத்தது தெரிந்துபோகும். வேலைக்கு நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வீட்டுக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும்? சர்க்கரை டப்பா மூடிக்கு ஒரு கோடு. பீரோ கைப்பிடிக்கு ஒரு கோடு. மாடித் தண்ணீர்த் தொட்டி வால்வுக்கு ஒரு கோடு. ஒருநாள் என் தையல் மெஷினில் நூலை இறுக்குகிற திருகுக்கும் இழுத்துவிட்டார்.

“நூல் அறுந்துக்கிட்டே இருக்குன்னு நீதானே சொன்னே? யாரோ திருகுறாங்க.”

“திருகுறது நான்தான் அத்தான்! அது திருகத்தான் இருக்கு!”

அத்தான் என் அக்கா கணவர்; நான் அவள் தங்கை. என் வீட்டுக்காரர் போன பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு வந்தவள். அவர்கள் மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். அவள் இருந்த அறையில் நான் படுக்கிறேன், கூடத்தில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் சீருடை தைக்கிறேன். நான் வந்து நின்ற அன்று அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘எவ்வளவு நாள்?’ என்றுகூடக் கேட்கவில்லை. மெஷினுக்கு வெளிச்சம் விழுகிற மூலையாகப் பார்த்து, அவரே சுவரைக் குடைந்து பிளக் போட்டுக் கொடுத்தார். போட்டுக் கொடுத்துவிட்டுப் போய் மீட்டர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு கதை. நல்ல மனுஷன்தான், சந்தேகப் பிராணி.

அப்படிப்பட்டவர் சிக்னலில் வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிப்போனார். பட்டப்பகலில். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். அத்தான் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “வண்டியில கை வெச்சது யாரு?”

கம்பெனி டாக்டர் விடுவாரா? ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து, தலையிலிருந்து கால் வரை ஒயர் ஒட்டிச் சோதனை பண்ணினார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் இந்தத் தூக்கம் என்று முடிவு வந்தது. அத்தான் நம்பவே இல்லை. “நான் தூங்குறப்ப நின்னுச்சாம். நானே பார்க்கலையே, இவங்க எப்படிப் பார்த்தாங்க?” என்றார். அவர் குறட்டை விட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில் அதிரும். நான் வாயைத் திறந்தேன், அக்கா கண்ணைக் காட்டினாள், மூடிக்கொண்டேன்.

கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷின் ஒன்று தருவார்கள். சிபேப் என்று அதற்குப் பெயர். தினமும் ராத்திரி முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டாரா இல்லையா என்று மெஷினுக்குள் இருக்கும் கார்டு எழுதி வைத்துக்கொள்ளும். கார்டு சரியாக இருந்தால் டாக்டர் சான்று கொடுப்பார், வேன் திரும்பக் கிடைக்கும். சொன்ன தேதி மதியத்துக்குள் சான்று கம்பெனி வேன்கள் நிற்கிற டிப்போவுக்கு வரவில்லையா, வேன் வேறொருவருக்கு நிரந்தரமாகப் போய்விடும். அத்தானுக்கு ஸ்டோர்தான், ஓய்வு பெறும்வரைக்கும்.

ஸ்டோர் என்றால் ஜன்னல் இல்லாத அறை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து நட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதுவரைக்கும் தற்காலிகமாக அவரை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முகமே செத்துப்போயிருக்கும். “தெருவுல மூணாவது வீட்டுல கசியுதுன்னா எனக்கு இங்கயே மூக்குல ஏறும். என்னைக் கொண்டுபோய்க் கூண்டுல போட்டுட்டானுங்க. இப்படியே உக்கார வெச்சா செத்துருவேன்” என்று அக்காவிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சந்தேகம் இல்லை.

மெஷின் வந்தது. ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற மேடம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இது காற்றை அழுத்தித் தள்ளும், தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். வறண்ட காற்று மூக்கைக் காய வைத்துவிடும் என்பதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் சூடேற்றும் தட்டு. தண்ணீர் வெதுவெதுப்பானால் காற்று ஈரமாகப் போகும். சூட்டுக்கு ஒரு குமிழ். மேடம் அதை நடுவில் திருப்பி வைத்து, “இப்படியே இருக்கட்டும் சார்” என்றார். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

“பேட்டரிக்கு ஊத்துற தண்ணியா? அதையா நான் மூக்குல ஏத்தணும்?”

“ஏத்த வேண்டாம் சார். ஈரம் மட்டும்தான் வரும்.”

“இப்படித்தான் சொல்வாங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக என்ன செய்தார் தெரியுமா? மெஷினை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் நுரை தடவினார். குழாயில் ஒன்றுமில்லை. தொட்டியில் ஒன்றுமில்லை. மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்னதாகச் சில ஓட்டைகள், அங்கே நுரை புசுபுசுவென்று பொங்கியது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

“பாத்தியா? ஓட்டை போட்டே குடுத்திருக்கானுங்க! இதுல கார்டு சரியா வராது, நான் ஃபெயில், வேன் அவனுங்களுக்கு.”

குழாய் மூட்டில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து ஓட்டையை அடைக்கப் போனார். அக்கா மாஸ்க்கைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேடத்துக்குப் போன் போடச் சொன்னாள். போட்டேன். போனை அத்தானிடம் கொடுத்தேன், மேடம் போட்ட சத்தம் வெளியே எங்களுக்கும் கேட்டது. “ஐயையோ, அதை அடைச்சிராதீங்க சார்! நீங்க விடுற மூச்சு வெளிய போறதுக்குத்தான் அந்த ஓட்டை. அடைச்சா விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீங்க!” ஒரு கசிவைக் கண்ணால் பார்த்துவிட்டு அடைக்காமல் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேண்டா வெறுப்பாக டேப்பைப் பையில் போட்டார்.

அந்த மெஷினோடு அவர் பட்ட பாடு! வெதுவெதுப்பான காற்று மூஞ்சியில் அடிக்கிறது, புழுங்குகிறது, மூக்கு கும்மென்று அடைக்கிறது என்று காலையில் புலம்பல். அறை குளிர்ந்திருக்கும் நாளில், சூடாகக் கிளம்பின ஈரக்காற்று குழாயிலேயே ஆறித் தண்ணீராகி, களகளவென்று ஓடி வந்து மாஸ்க்கில் சொட்டும். “யாரோ மூஞ்சியில தண்ணி தெளிச்சாங்க” என்பார். பாதித் தூக்கத்தில் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிடுவார். காலையில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தான் கழற்றியது அவருக்கு நினைவே இருக்காது.

“நான் கழட்டல. யாரோ கழட்டுறாங்க.”

“ஆமா, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கழட்டிட்டுப் போறாரு” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி உண்மையிலேயே யோசித்தார்.

முதல் தடவை மெஷினையும் கார்டையும் கொண்டுபோய்க் காட்டியபோது மேடம் உதட்டைப் பிதுக்கினார். பாதி ராத்திரிக்கு மேல் மாஸ்க் முகத்தில் இல்லை. மூக்கு அடைக்கிறது என்று இவர் சொன்னதும், வறட்சியாக இருக்கும் என்று நினைத்துச் சூட்டை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டார். அடுத்த தடவைதான் கடைசித் தடவை, அன்றைக்குச் சரியாக இல்லாவிட்டால் சான்று தர முடியாது என்று பக்குவமாகச் சொன்னார். அத்தான் கார்டை முறைத்துப் பார்த்தார். “ஒட்டுக் கேக்குற சனியன்” என்று எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

இதற்குப் பிறகுதான் அந்த விஷயம் ஆரம்பித்தது.

ஒருநாள் காலை அத்தான் எழுந்து பார்த்தால், சூட்டுக் குமிழ் பூஜ்யத்தில் நிற்கிறது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. மாஸ்க் முகத்திலேயே இருக்கிறது, ராத்திரி கழன்று விழவில்லை. வேறு யாராவது இருந்தால் ‘அப்பாடா, நல்லாத் தூங்கினோம்’ என்று நினைத்திருப்பார்கள். இவர் பார்த்தது குமிழை மட்டும்தான். ராத்திரி மேடம் சொன்ன அளவில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

“இப்படியே இருக்கட்டும்னு மேடம் சொல்லிட்டாங்க. சூடு இல்லைன்னா கார்டுல எழுதும். நான் மேடம் பேச்சைக் கேக்கலைன்னு ரிப்போர்ட் போகும். யாரோ என் வேனுக்கு உலை வெக்கிறாங்க.”

வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருவர் அத்தானே. அக்காவைச் சந்தேகப்பட அவருக்கு மனசு வராது, அல்லது அவள் ஒருத்தி அங்கே படுத்திருக்கிறாள் என்பதே நினைவில் இருக்காது. மிச்சம் யார்? நான். அவருக்குக் காரணமும் தயாராக இருந்தது. விடியலில் எழுந்து நான் சீருடைகளை இஸ்திரி போடுவேன். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியும் அந்த மெஷினும் சேர்ந்து ஓடியபோது ஃபியூஸ் போய்விட்டது, உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டார்.

“சின்னவ, உன் இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்ட் பத்தலைன்னா வாயைத் திறந்து சொல்லு. திருட்டுத்தனமா வந்து சூட்டை அணைக்காதே.”

எனக்கு வந்ததே கோபம்! தூங்குகிறவர்கள் அறைக்குள் நான் ஏன் நுழைகிறேன்? என் மானம் மரியாதை என்ன ஆவது? “உங்க மெஷினைத் தொட்டா என் கை அழுகிப் போகட்டும்” என்று கத்தினேன். அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தேன், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் தலை ஆடி ஆடி விழுந்தது. ‘வயசாகுது உனக்கு’ என்று கிண்டல் பண்ணினேன்.

கடைசிச் சோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அன்று மதியத்துக்குள் சான்று டிப்போவில் இருக்க வேண்டும். காலையில் நான் பல் விளக்கிவிட்டு வருகிறேன், கூடத்தின் நடுவில் அத்தான் நிற்கிறார். பனியனும் லுங்கியும். முகத்தில் மாஸ்க் பட்டையின் தடம்கூட இன்னும் போகவில்லை.

“கையைக் காட்டு.”

“என்னது?”

“கையைக் காட்டுன்னேன். நேத்து ராத்திரி குமிழுக்கும் மெஷினுக்கும் குறுக்கே கோடு போட்டு வெச்சேன். குமிழ் மேல நீலப்பொடி தடவி வெச்சேன், நேர்கோடு அடிக்கிற கயித்துக்கு டிப்போவுல தடவுற பொடி. தொட்டா ஒட்டும், சீக்கிரம் போகாது. இப்ப கோடு விலகி இருக்கு. காட்டு கையை!”

நீட்டினேன். என் பத்து விரலும் நீலம். தையல்காரி கை பின்னே என்ன நிறத்தில் இருக்கும்? துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி என் விரலிலேயே குடியிருக்கிறது. அத்தான் என் விரல்களைப் பார்த்தார். கொலையைக் கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டினார்.

“இது சாக்குக்கட்டி அத்தான்! வருஷக்கணக்கா இந்தக் கைதான் உங்களுக்குச் சோறு போடுது, அப்பல்லாம் நீலம் தெரியலையா?”

“அது வெளிர் நீலம். இது அடர் நீலம்.”

“அப்ப மோப்ப நாயைக் கூட்டிட்டு வாங்க! போலீஸைக் கூப்பிடுங்க! என் பெட்டியைக் கட்டிட்டு நான் இன்னிக்கே போறேன்!”

“போகாதே. யாரு போகச் சொன்னது? ஏன் பண்ணேன்னு சொல்லு. அதைச் சொன்னாப் போதும்.” அவர் குரல் உடைந்தது. “இன்னிக்கு வேன் போகுது சின்னவ. என் வேன் போகுது.”

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வெள்ளைப் பனியன். இடது பக்கம் நெஞ்சுக்கு மேல், நீலமாக நாலு விரல், பக்கத்தில் உள்ளங்கையின் ஓரம். அழுத்திப் பதிந்திருக்கவில்லை. வைத்துக்கொண்டே இருந்த கை பதிகிற மாதிரி பதிந்திருந்தது.

“என் கையை அப்புறம் பாக்கலாம்” என்றேன். “முதல்ல உங்க நெஞ்சைக் குனிஞ்சு பாருங்க.”

குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். பாத்திரம் தேய்த்தும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை.

“நான்தாங்க” என்றாள். “அவளை விடுங்க.”

அக்காவே சொன்னாள். அத்தான் குமிழைக் கவனிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள், சூட்டை அணைத்துவிட்டுத் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றியவள் குமிழைத் திரும்பத் திருப்பி வைக்க மறந்துவிட்டாளாம். அன்றைக்கு ராத்திரிதான் மாஸ்க் கீழே விழாமல் இருந்திருக்கிறது. மறுநாள் சூடு வைத்துப் பார்த்தாள், பிய்த்து எறிந்தார். தண்ணீரே இல்லாமல் விட்டுப் பார்த்தாள், வறட்டு இருமல் வந்தது. தண்ணீர் வைத்துச் சூடு மட்டும் இல்லாமல் விட்டால் அசையாமல் தூங்கினார். சந்தேகமாக இருந்ததால், ஒரு பகலில் அவர் வேலைக்குப் போயிருந்தபோது மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

“சூடு வெச்சா, கொதிக்கிற பானையைத் திறந்து மூஞ்சியைக் காட்டுன மாதிரி இருக்குங்க. சூடு இல்லாம விட்டா சும்மா காத்து மாதிரி இருக்கு. ஆனா காயல. அதான் நீங்க கண்ணசந்ததும் திருப்பி விட்டேன்.”

“என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா? ‘இவ எதுக்கு இதைச் சொல்றா’ன்னுதான் யோசிப்பீங்க. மேடம் வெச்ச அளவை நீங்க மாத்த விடுவீங்களா?”

அத்தான் அடுத்த கேள்வி கேட்காமல் இருப்பாரா? “அதுக்காகத் தெனம் ராத்திரி எழுந்திரிச்சு, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு...”

“எழுந்திரிக்கிறதுக்கு நான் எப்பங்க தூங்கினேன்?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரி சொன்னாள்.

“உங்களுக்கு மூச்சு நிக்கும். அடுத்தது வர்ற வரைக்கும் நான் படுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன். வரலைன்னா தோளைத் தட்டுவேன், நீங்க திட்டிக்கிட்டே புரண்டு படுப்பீங்க, மூச்சு வந்துரும். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான். இப்ப மெஷின் சத்தத்துல மூச்சு காதுல விழ மாட்டேங்குது. அதான் நெஞ்சு மேல கையை வெச்சுப் பாக்குறேன்.”

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு குறட்டையை மட்டும் கேட்டுப் பல்லைக் கடித்தவள் நான். அவள் தலை ஆடி விழுந்ததைக் கிண்டல் பண்ணியவளும் நான்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளிப்படையாகவே அழுதேன். அத்தான் அழவில்லை. பனியனைக் கழற்றப் போனவர், பாதியில் விட்டுவிட்டு, அதன் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆனால் விஷயம் முடியவில்லையே? கார்டு இருக்கிறதே! ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னால அவரு வேலை போயிருமாடி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அத்தான் முன் சீட்டில் மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மேடம் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்ன பண்ணீங்க சார்?”

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். “அவரு ஒண்ணும் பண்ணல மேடம். சூட்டை அணைச்சது நான். தப்புன்னா என்கிட்டச் சொல்லுங்க.”

“தப்பா? கொஞ்ச நாளா விடிய விடிய மாஸ்க் போட்டிருக்காரு. மூச்சு நிக்கிறது சுத்தமாக் குறைஞ்சிருக்கு. இதைப் பாருங்க.”

“அப்ப சூடு?” என்றார் அத்தான்.

“சூடு கட்டாயம் இல்ல சார். தண்ணி இருக்கில்ல, காத்து அது மேல தவழ்ந்து போறப்பவே ஈரத்தை எடுத்துக்கும். கொஞ்சம் கம்மியா எடுக்கும், அவ்வளவுதான். சில பேருக்குச் சூடு இல்லாம மூக்கு காயும், அவங்களுக்கு வேணும். உங்களுக்கு இது ஒத்துப்போகுது. தினம் தண்ணியை மாத்துங்க, தொட்டியைக் கழுவிக் காய வைங்க. பழைய தண்ணி மேல ஊத்தாதீங்க. மூக்கு வறண்டாச் சொல்லுங்க, பாத்துக்கலாம். நான்தான் உங்களுக்கு ஏத்தி விட்டுட்டேன், சாரி.”

“கட்டாயம் இல்லைன்னா இருக்கட்டும்னு ஏன் சொன்னீங்க?”

“பொதுவா அப்படித்தான் ஆரம்பிப்போம் சார்.”

“அந்தக் கார்டை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. வேற யாரோடதா இருக்கப் போகுது.”

மேடம் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். அத்தான் டாக்டரிடம் கையெழுத்து வாங்க உள்ளே போனார். நானும் அக்காவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். ‘அப்ப வேலை போகாது இல்லடி?’ என்றாள். போகாது என்றேன். ‘நிஜமா?’ என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நம்பர் கூப்பிடுகிற மைக் சத்தம், தள்ளுவண்டிச் சத்தம், எதிர் வரிசையில் ஒரு குழந்தையின் அழுகை, எதுவும் அவளை எழுப்பவில்லை.

அத்தான் கையில் சான்றோடு வேகமாக வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

“மூச்சு விடுறா அத்தான்” என்றேன். “அதுலயும் சந்தேகமா?”

அத்தான் அவள் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவள் தலை சரிந்து அவர் தோளில் விழுந்தது. அத்தான் அப்படியே சிலையாகிவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மதியத்துக்கு அதிக நேரமில்லை. டிப்போவுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும்.

“எழுப்பட்டுமா? நேரமாச்சு.”

“எழுப்பாதே.”

“அப்ப வேன்?”

அவர் தோளை அசைக்காமல், மற்றக் கையை மட்டும் நீட்டி, சான்றை என் மடியில் வைத்தார். காலையில் என்னைத் திருடி என்று கூடத்தில் நிற்க வைத்த மனுஷன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக்கூட இன்னொருத்தர் கையில் கொடுத்து அனுப்பாத மனுஷன்.

“நீ போய்க் குடுத்துட்டு வா.”

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? “என்னை நம்பிக் குடுக்குறீங்க. போற வழியில கிழிச்சுப் போட்டுட்டா?”

“கிழிச்சாக் கிழி” என்றார் அத்தான். “மெதுவாப் பேசு. அவ தூங்குறா.”